பிணவறையின் சராசரி

மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் அந்த ஆண்டின் கனிவுப் பட்டியலை ஒட்டியபோது முதல் இடத்தில் பிணவறைப் பணியாளர் இருந்தார். மதிப்பெண் வரவேண்டிய கட்டத்தில் அவருக்கு எண் இல்லை. ஒரு வேலிக்குறி, மூன்று ஆங்கில எழுத்து, ஒரு சாய்கோடு, ஒரு பூச்சியம், கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி இருந்தன. அவருக்கு அடுத்தபடியாக இருந்த குழந்தைகள் பிரிவு நர்ஸுக்கு 9.4. அதற்குக் கீழே இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒழுங்கான எண்கள்தான்.

"ஐஸண்ணே, எல்லாருக்கும் வெறும் நம்பர். உங்களுக்கு மட்டும் ஆச்சரியக்குறி!" என்று ஆம்புலன்ஸ் டிரைவர் அவர் முதுகில் தட்டினார். "நம்பருக்குள்ள அடங்கலைன்னு அர்த்தம். டீ வாங்கிக் குடுங்க."

ஐஸண்ணன் என்பது மருத்துவமனை வைத்த பெயர். குளிர்ப்பெட்டிகளோடு ஆறு வருடம் வேலை பார்ப்பவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவர் அந்த ஆச்சரியக்குறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "ம்" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

பட்டியலைத் தயாரித்தவர் புள்ளிவிவரப் பிரிவின் ஒரே ஊழியரான கட்டம்மா. நாள் முழுக்கக் கட்டங்களுக்குள் எண்களை நிரப்பிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகும். காலையில் கணினியைத் திறப்பதற்கு முன் கண்ணை மூடி, "கடவுளே, இன்னைக்கு என் கையால யாருக்கும் தப்பான எண் போயிடக் கூடாது" என்று வேண்டிக்கொள்வார். அன்று டீ குடிக்கும் கூட்டத்தைத் தாண்டி வந்து பலகையைப் பார்த்ததும் ஐஸண்ணன் பக்கத்தில் போய் நின்றார்.

"அண்ணே, அது மார்க் இல்லை. எரர்" என்றார் மெதுவாக.

டிரைவர் பாதி குடித்த டீயைப் பார்த்தார். ஐஸண்ணன் மறுபடியும் "ம்" என்றார்.

விஷயம் இதுதான். வெளியே போகும் ஒவ்வொரு நோயாளியிடமும், அவர் இறந்திருந்தால் வீட்டாரிடமும், ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். கவனித்த பணியாளருக்குக் கனிவு, சுத்தம், பேச்சு என்ற மூன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று அவர்கள் எழுதித் தரவேண்டும். கட்டம்மா அவற்றை அட்டவணையில் ஏற்றுவார். சீட்டுக்கு ஒரு வரி. முதல் நெடுவரிசையில் பணியாளர், இரண்டாவதில் நோயாளியின் நிலை, அடுத்த மூன்றில் மதிப்பெண்கள். நிலை என்பதற்கு மூன்றே பதில்கள்: வீடு திரும்பினார், வேறிடம் மாற்றப்பட்டார், இறந்தார். இதில் 'வீடு திரும்பினார்' என்றிருக்கும் வரிகளை மட்டும் எடுத்துச் சராசரி போடவேண்டும் என்று தலைமை அலுவலகச் சுற்றறிக்கை சொன்னது. துக்கத்தில் இருப்பவர்கள் யார்மேலோ உள்ள கோபத்தில் மதிப்பெண்ணைக் குறைத்துவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் வந்த நிபந்தனை அது.

வழக்கமான சராசரிச் சூத்திரம் கட்டம்மாவிடம் முரண்டு பிடித்தது. நிபந்தனை ஒரு நெடுவரிசை அகலம், மதிப்பெண்களோ மூன்று நெடுவரிசை அகலம். இரண்டும் ஒரே அளவில் இருந்தால்தான் அந்தச் சூத்திரம் அசையும். அதனால் அவர் பெருக்கல் வழிக்குப் போனார். நிபந்தனை பொருந்தினால் ஒன்று, பொருந்தாவிட்டால் பூச்சியம். அதை அந்த வரியின் மூன்று மதிப்பெண்களோடும் பெருக்கிக் கூட்டிக்கொண்டார். பொருந்திய சீட்டுகளை எண்ணி, சீட்டுக்கு மூன்று என்று வகுத்தார். கணினி மறுபேச்சில்லாமல் எண்களைக் கொடுத்தது.

பிணவறையிலிருந்து ஒருவரும் வீடு திரும்பவில்லை. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கச் சொன்னதும் கணினி கையை விரித்துவிட்டது. பட்டியலைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினால் அப்படிக் கையை விரித்த கட்டங்களை எண்களுக்கும் மேலே தூக்கி வைப்பது அந்த நிரலின் வழக்கம். கண்காணிப்பாளர் அலுவலகத்தில் யாரோ அப்படியே அடுக்கி, அப்படியே அச்செடுத்து, அப்படியே ஒட்டியும் விட்டார்கள்.

மறுநாள் கண்காணிப்பாளர் கட்டம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மேஜையில் விதிப்புத்தகமும் ரத்த அழுத்த மாத்திரையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

"எரர் எப்படிம்மா ஃபர்ஸ்ட் வரும்?"

"பெரிசுலேர்ந்து அடுக்கினா மெஷின் எரரைத்தான் மேல வைக்கும் சார்."

"ஏன், அதுக்கு எரர் மேல அவ்வளவு மரியாதையா?"

"தெரியலை சார்."

"சரி. இப்ப இந்த மனுஷனுக்கு மார்க்கே இல்லை. இந்த வருஷம் நிரந்தரம் ஆகவேண்டியவர், மார்க் இல்லாம எப்படி நிரந்தரம் பண்றது? ஏழு வேணும். குறைஞ்சது மூணு சீட்டு வேணும். முப்பதாம் தேதிக்குள்ள மேல அனுப்பணும். இல்லேன்னா இந்த வருஷத்தோட அவரை எடுத்துடுவாங்க."

வேலை போனால் மருத்துவமனைக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் ஐஸண்ணனுக்குக் கொடுத்திருந்த தரைத்தள அறையும் போய்விடும். அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. முன்பு இருந்த வீடு ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அங்கே இருந்த நாலு வருடத்தில் அந்த அம்மா கீழே இறங்கியது ஏழு முறை. இந்த அறைக்கு வந்த பிறகு தினமும் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற நர்ஸுகளோடு பேசிக்கொண்டே கைத்தையல் போடுகிறார். தெருவுக்குத் தன் காலால் நடந்து போய்க் காய் வாங்குகிறார்.

"சார், அவருக்குச் சீட்டே வராம இல்லை" என்று கட்டம்மா ஒரு கட்டை எடுத்து வைத்தார். "பத்தொன்பது இருக்கு. இறந்தவங்களோட பிள்ளைங்க, வீட்டுக்காரங்க எழுதினது. இதைப் பாருங்க."

கண்காணிப்பாளர் மேலே இருந்த சீட்டைப் படித்தார். மதிப்பெண்களுக்குக் கீழே சின்ன எழுத்தில், 'அப்பாவுக்கு எப்போதும் இடப்பக்கம் வகிடு. நாங்கள் சொல்லவில்லை. அடையாள அட்டைப் படத்தைப் பார்த்து அப்படியே வாரி வைத்திருந்தார்' என்று இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"நிலை இறந்தார்னு இருக்கேம்மா. பூச்சியத்தால பெருக்கியாச்சு."

"எழுதினவங்க உயிரோட வீட்டுக்குப் போனவங்கதானே சார்?"

"எழுதினவங்க திரும்பினாங்க. நோயாளி திரும்பலையே. சுற்றறிக்கை நோயாளியைத்தானே கேக்குது." அவர் விதிப்புத்தகத்தைத் திறந்தார். உள்ளே ஒரு காகிதத் துண்டு அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. "நேத்தே முழுக்கப் படிச்சுப் பாத்துட்டேன். பிணவறையில படுக்கிறவங்க இறந்திருக்கணும்னு எங்கேயும் எழுதலை. கண்காணிப்பாளர் அனுமதி வேணும், பதிவேட்டுல பேர் ஏறணும், அவ்வளவுதான். ஒருத்தர் அங்க போய்ப் படுத்து, அவர் செய்யறதை வாங்கிக்கிட்டு, எந்திரிச்சு வீட்டுக்குப் போனா, அவர் வீடு திரும்பினவர். சீட்டு எழுதலாம்."

கட்டம்மா அவர் முகத்தைப் பார்த்தார். கேலி செய்கிற முகமில்லை.

"நீயே மூணு சீட்டு எழுதி ஏத்திடுன்னு சொல்லியிருப்பேன். நீ ஏத்த மாட்டே."

"மாட்டேன் சார்."

"தெரியும். அதனாலதான் ராத்திரி தூங்காம விதியைப் படிச்சேன்" என்று சொல்லி அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை வீட்டில் பட்டாணி உரித்துக்கொண்டே கட்டம்மா விஷயத்தைச் சொன்னார். கணவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். அவருடைய அக்கா, கட்டம்மாவின் நாத்தனார், பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாமல் இவர்களோடேயே இருக்கிறார். அரை அங்குலம் கோணினாலும் முழுத்தையலையும் பிரிக்கச் சொல்கிற ஆள்.

"மூணு பேர் வேணும் அண்ணி. அரைமணி நேரம் படுத்துட்டு எந்திரிச்சு வந்தாப் போதும்."

"எங்க படுக்கணும்?"

"பிணவறையில."

கணவர் கையிலிருந்த சின்னத் திருகாணி கீழே விழுந்தது. "அக்கா, நீ போயிடாதே. உன் குரலைக் கேட்டா அங்க இருக்கறவங்கல்லாம் எந்திரிச்சு ஓடிடுவாங்க."

"வாயை மூடுடா. முதல்ல ஆணியைத் தேடு" என்றார் நாத்தனார். பட்டாணித் தோலை ஓரமாகத் தள்ளினார். "எப்படியும் ஒரு நாள் போகவேண்டிய எடம். ஒரு தடவை பாத்துட்டு வந்துட்டா அன்னைக்குப் புது எடமா இருக்காது. நாளைக்கு எனக்கு லீவுதான், வரேன். ஆனா ஒண்ணு, மார்க் என் இஷ்டத்துக்குத்தான். பாவம் புண்ணியம்னு யாரும் எங்கிட்ட சிபாரிசுக்கு வரக் கூடாது."

"எனக்கு வேண்டியதும் அதுதான் அண்ணி."

மறுநாள் காலை வரவேற்பு மேஜையில் பதிவு. அங்கே இருப்பவரை எல்லோரும் வரவேற்பக்கா என்பார்கள். இருபது வருடமாக நோயாளிகளிடம் ஒரே கேள்விகளைக் கேட்டு முகம் இறுகிப்போனவர். கணினியில் பிணவறைப் பக்கத்தைத் திறந்ததும் அவர் விரல் நின்றது.

"மரண காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. நிரப்பலேன்னா அடுத்த பக்கம் போகாது. என்ன போடறது?"

"இன்னும் முடிவாகலைன்னு போடு" என்றார் நாத்தனார்.

"வயசு?"

"அதையும் அப்படியே போடு."

வரவேற்பக்கா சிரித்தார். அந்தப் பக்கம் போன இரண்டு நோயாளிகள் ஏதோ ஆபத்து என்று நினைத்து நின்றுவிட்டார்கள்.

பிணவறை வெள்ளை ஓடு பதித்த நீள அறை. உயரத்தில் ஒரு ஜன்னல். ஒரு பக்கம் எஃகுக் கதவுகள். மறுபக்க மேஜையில் மடித்த துணிகள், சோப்பு, நகவெட்டி, வெவ்வேறு பல் இடைவெளியில் நாலு சீப்புகள். ஐஸண்ணன் ஒரு தட்டை வெளியே இழுத்துத் துடைத்து, அதன்மேல் இரண்டு கம்பளியை மடித்துப் போட்டிருந்தார். நாத்தனார் ஏறிப் படுத்தார். கட்டம்மா கதவருகே நின்றுகொண்டார். ஐஸண்ணன் யாரிடமும் பேசவில்லை. நாத்தனாரின் கண்ணாடியை மெல்லக் கழற்றித் துடைத்து, அவர் கையிலேயே வைத்து விரல்களை மூடினார். வெந்நீரில் துணியைப் பிழிந்து முகத்தைத் துடைத்தார். செருப்பின் வார் பதிந்திருந்த பாதத்தை இரு கையாலும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு போர்வையை இழுத்து, முகத்தை மூடாமல் கழுத்துவரை போர்த்தினார். கால் கட்டைவிரலில் அட்டை கட்டும்போது மட்டும் நாத்தனாரிடமிருந்து சத்தம் வந்தது.

"கூசுதுய்யா!"

ஐஸண்ணன் ஓரடி பின்னால் போய்விட்டார். ஆறு வருடத்தில் அந்தத் தட்டிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் பதில் அது. முடிச்சைத் தளர்த்திவிட்டு மறுபடியும் கட்டினார். மன்னிப்புக் கேட்பதுபோலப் போர்வையின் ஓரத்தைத் தட்டிக்கொடுத்தார். அரைமணி நேரம் முடிந்தது. நாத்தனார் எழுந்து உட்கார்ந்து, தலையில் கை வைத்துப் பார்த்தார். வகிடு நூல் பிடித்ததுபோல நேராக இருந்தது.

வீடு திரும்பினார் என்று எழுதவேண்டுமானால் நிஜமாகவே திரும்பியிருக்க வேண்டும். அதனால் கட்டம்மா ஒரு மணி நேரம் கழித்துக் கணவருக்குப் போன் செய்தார்.

"வந்துட்டா. வந்த உடனே ஆணியைத் தேடினியான்னு திட்டிட்டா. உயிரோடதான் இருக்கா, சந்தேகமே வேண்டாம்" என்றார் அவர்.

மதிய இடைவேளையில் வரவேற்பக்கா படுத்தார். மறுநாள் ஆம்புலன்ஸ் டிரைவர் படுத்து, படுத்த இரண்டாவது நிமிடம் குறட்டை விட்டார். மூவரும் வீட்டுக்குப் போனார்கள். மூவரின் சீட்டுகளும் இருபத்தொன்பதாம் தேதி காலை கட்டம்மாவின் மேஜைக்கு வந்தன. நாத்தனார் கனிவுக்குப் பத்தும் சுத்தத்துக்கு ஒன்பதும் போட்டிருந்தார். கம்பளியில் ஒரு நூல் பிரிந்திருந்ததாம். வரவேற்பக்கா ஒன்பது, பத்து. டிரைவர் எட்டு, பத்து. பேச்சு என்ற கட்டத்தைப் பெண்கள் இருவரும் காலியாக விட்டிருந்தார்கள். டிரைவர் மட்டும் ஐந்து எழுதியிருந்தார்.

கட்டம்மா மூன்று வரிகளையும் ஏற்றினார். வேலிக்குறியும் ஆச்சரியக்குறியும் மறைந்து, அந்தக் கட்டத்தில் முதல்முறையாக ஓர் எண் வந்தது. 6.78.

எண்ணைத் தெரிந்துகொள்ள வந்து நின்றிருந்த டிரைவரும் வரவேற்பக்காவும் ஐஸண்ணனும் திரையை எட்டிப் பார்த்தார்கள்.

"எவ்வளவு குறையுது?" என்றார் டிரைவர்.

"மொத்தம் அறுபத்து மூணு வேணும். அறுபத்தொண்ணு இருக்கு."

"பூ, ரெண்டு மார்க்! என் பேச்சை ஏழாக்கிடு கட்டம்மா. வேண்டாம், கனிவைப் பத்தாக்கு. நல்லாத் தூங்கிட்டிருந்தேன், எழுப்பிட்டாரேன்னு கோவத்துல ரெண்டு குறைச்சுட்டேன்."

"இப்ப கோவம் போயிடுச்சா?"

டிரைவர் யோசித்தார். பொய் சொல்ல வராதவர். "கொஞ்சம் இருக்கு. அப்படித் தூங்கி மூணு மாசமாச்சு."

"அப்ப எட்டுதான் அண்ணே."

"பேச்சுக்கு என்ன அஞ்சு?" என்று வரவேற்பக்கா அவரைக் கேட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை."

"எழுப்பறப்ப 'குளிருதா'ன்னு ஒரு வார்த்தை கேட்டார். அதுக்கு அஞ்சு."

எல்லோரும் ஐஸண்ணனைப் பார்த்தார்கள். அவர் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தார்.

"ஏண்ணே, ரெண்டு வார்த்தை பேசினா என்ன?" என்றார் வரவேற்பக்கா. கோபமாகக் கேட்க நினைத்தது பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"பழகிடுச்சும்மா" என்றார் ஐஸண்ணன். "அங்க வர்றவங்ககிட்ட முதல்ல பேசிட்டுத்தான் இருந்தேன். அப்புறம் தோணிச்சு. நாம பேசப் பேச, பதில் சொல்ல முடியலியேன்னு அவங்களுக்குச் சங்கடமா இருக்குமோன்னு. அதான் நிறுத்திட்டேன்." அவர் சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோலத் தேடினார். "விடுங்க. அஞ்சாவது மாடி எங்களுக்குப் பழகினதுதான். மறைச்சு மாத்தி எதுவும் போடாதீங்க. அப்புறம் அந்த ரூமுக்குள்ள போறப்பல்லாம் அது ஞாபகம் வரும்."

அவர் போய்விட்டார். கட்டம்மா நாத்தனாருக்குப் போன் செய்தார். மாற்றச் சொல்வதற்காக இல்லை. காலியாக விட்டது கைமறதியா என்று கேட்பதற்காக.

"மறதியா? எனக்கா?" என்றார் நாத்தனார். பின்னால் தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம் நின்றது. "ரொம்ப நேரம் யோசிச்சுத்தான் விட்டேன். பேசாத மனுஷன் நல்லாப் பேசினார்னு எப்படி எழுதுவேன்? ரெண்டு போட்டா, மோசமாப் பேசினார்னு ஆகும். பூச்சியம் போட்டா, திட்டினார்னு ஆகும். எல்லாமே பொய். எனக்குத் தெரியாததை நான் எழுத மாட்டேன். அதான் காலி."

"பூச்சியமும் பொய்யா அண்ணி?"

"பின்ன? துணியே குடுக்காத பொண்ணுக்குத் தையல் பரீட்சையில நான் முட்டை போடுவேனா? அவ எழுதவே இல்லைன்னுதானே போடுவேன்?"

கட்டம்மா போனை வைத்துவிட்டுச் சூத்திரத்தைப் பார்த்தார். கூட்டல் சரி. நிபந்தனை சரி. வகுக்கும் இடத்தில், சீட்டுகளை எண்ணி அப்படியே மூன்றால் பெருக்கியிருந்தார். மூன்று சீட்டு, ஒன்பது கட்டம். ஆனால் அந்த ஒன்பதில் எழுதப்பட்டவை ஏழுதான். எழுதாமல் விட்ட இரண்டு கட்டங்களுக்கும் சேர்த்து அவர் வகுத்திருந்தார். யாரோ நேர்மையாக வாயைத் திறக்காமல் இருந்ததை அவருடைய சூத்திரம் பூச்சியம் என்று வாசித்திருந்தது.

வகுக்கும் இடத்தை மாற்றினார். நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளில், மூன்று நெடுவரிசைகளிலும், எழுதப்பட்ட கட்டங்களை மட்டும் எண்ணச் சொன்னார். அறுபத்தொன்றை ஏழால் வகுத்தால் 8.71.

அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. கண்ணுக்கு முன்னால் பட்டியல் முழுவதும் மெல்ல அசைந்தது. ஐம்பத்து மூன்று பேரின் எண்கள் ஏறின. காலிக் கட்டம் யாருக்கெல்லாம் இருந்ததோ அவர்களெல்லாம் மேலே வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பேச வாய்ப்பே இல்லாத வேலை பார்ப்பவர்கள். கட்டம்மா போன வருடத்து அட்டவணையைத் திறந்தார். அதே சூத்திரம். அந்த வருடம் ஏழுக்குக் கீழே போனதால் தூரத்துக் கிளைக்கு மாற்றப்பட்டவர்கள் இரண்டு பேர்: படிக்கட்டு துடைக்கும் அக்கா, எக்ஸ்ரே அறை உதவியாளர். மாற்றலாகிப் போகிற அன்று படிக்கட்டக்கா இவர் அறைக்கு வந்து, "நான் என்ன தப்புப் பண்ணினேன் கட்டம்மா?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. "எண்ணு பொய் சொல்லாதுக்கா" என்று தான் சொன்ன பதிலும்.

தினமும் காலையில் வேண்டிக்கொண்டது என்னவென்று அவருக்குத் தெரியும். இரண்டு வருடத்துப் பட்டியலையும் அச்செடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

கண்காணிப்பாளர் முழுவதையும் கேட்டார். "எட்டு புள்ளி எழுபத்தொண்ணு. நல்லது. இதை மட்டும் அனுப்பிடலாம். பழசை எதுக்கு எடுக்கறே?"

"இதுல சரின்னா அதுலயும் சரிதானே சார். ரெண்டு பேரை நான் அனுப்பியிருக்கேன்."

"மேல எழுதினா உன் பேரு கெடும்மா. உன் சர்வீஸ்ல இதுவரைக்கும் ஒரு கரும்புள்ளி இல்லை."

"இருக்கு சார். இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை, அவ்வளவுதான்."

அவர் விதிப்புத்தகத்தைத் தொடவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே குடியிருப்பின் வாசலில் ஐஸண்ணன் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு நர்ஸின் கையிலிருந்த துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார்.

"பிழை கண்டுபிடிக்கப்பட்டதுன்னு எழுது. செய்தவர்னு உன் பேரு மட்டும் போடாதே. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். ரெண்டு பேரும்னு போடு."

"சார், நீங்க எதுக்கு..."

"வாசிக்காம கையெழுத்துப் போட்டேன்மா. அது உன் தப்பை விடப் பெரிசு. எழுது."

கடிதம் மறுநாள் போனது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. அதில் மூன்று பத்திகள். முதல் பத்தி, படிக்கட்டக்காவையும் எக்ஸ்ரே உதவியாளரையும் உடனே திருப்பி அனுப்புவதாகச் சொன்னது. கட்டம்மாவையும் கண்காணிப்பாளரையும் கண்டித்தது. இரண்டாவது பத்தி, பிணவறைப் பணியாளரை நிரந்தரமாக்கியது. கண்காணிப்பாளர் அதை எடுத்துக்கொண்டு தானே குடியிருப்புக்குப் போனார். வாசலில் இருந்த அம்மா அவரைக் கண்டதும் எழுந்திருக்க முயன்றார். "உக்காருங்கம்மா, உக்காருங்க. இனிமே நீங்க எங்கேயும் போக வேண்டாம்" என்றார் அவர். அந்த அம்மா காகிதத்தை வாங்கவில்லை. அவர் கையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்காணிப்பாளர் திரும்பி வரும்போது வழியில் கிடந்த ஒரு காலி பிளாஸ்டிக் வாளியை எதற்கென்று தெரியாமல் கையில் எடுத்து வந்தார்.

மூன்றாவது பத்தியை அவர் அதற்குப் பிறகுதான் படித்தார். படித்துவிட்டுக் கட்டம்மாவைக் கூப்பிட்டார்.

'தங்கள் பிணவறையில் சேர்க்கப்பட்டு, மதிப்பெண் வழங்கிய அனைவரும் உயிருடன் வீடு திரும்பியுள்ளதை மகிழ்ச்சியுடன் கவனித்தோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இவ்விகிதம் நூற்றுக்கு எண்பத்தொன்று மட்டுமே. எனவே பிற கிளைகளில் உள்ள கடுமையான நோயாளிகளைத் தங்கள் பிணவறைக்கு அனுப்ப ஆலோசித்து வருகிறோம். தற்போது எத்தனை இடங்கள் காலியாக உள்ளன என்பதைத் தெரிவிக்கவும்.'

"சார், வீடு திரும்பினவங்களை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டுட்டு, அதுல எத்தனை பேர் வீடு திரும்பினாங்கன்னு பாத்திருக்காங்க."

"எனக்குப் புரியுதும்மா. அவங்களுக்குப் புரியற மாதிரி எழுது. சின்ன வாக்கியமா எழுது."

கட்டம்மா சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிக்கொண்டிருந்தபோதே, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, பிணவறைக் கதவை ஒருவர் தட்டினார். கையில் ஒரு பெட்டி, பல் தேய்க்கும் பிரஷ், தூரத்துக் கிளையின் கடிதம். நடுவயதுக்காரர். பயத்தில் உதடு வறண்டிருந்தது.

"நெஞ்சுல ஆபரேஷன். இங்கே நூத்துக்கு நூறுன்னு சொல்லி அனுப்பினாங்க. எனக்கு எந்தக் கட்டில்?"

ஐஸண்ணன் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தார். கூட யாரும் வரவில்லை. எஃகுக் கதவுகள் அவர் கண்ணில் படாதபடி நகர்ந்து நின்றுகொண்டார்.

"கட்டில் மேல இருக்கு. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். பெட்டியை வாங்கிக்கொண்டார். வழியில் நிறுத்தி ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க வைத்தார். லிஃப்டில் அவர் தடுமாறியபோது முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இதயப் பிரிவில் கட்டில் கிடைக்கும்வரை ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நர்ஸ் படிவத்தோடு வந்தார். நிமிர்ந்து பார்த்து, "ஐஸண்ணே, நீங்க ஏன் இங்க..." என்று கேட்கத் தொடங்கி, நோயாளியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"கூட வந்தவர், உறவுமுறை. இதை நிரப்பணுமே" என்றார்.

ஐஸண்ணன் எழுந்துகொள்ளப் பார்த்தார். அந்த மனிதர் அவர் சட்டை நுனியைப் பிடித்திருந்தார்.

"அண்ணன்னு போடுங்க" என்றார் அந்த நோயாளி.